கடைசி இரண்டு நிமிடமும் ஊதப்படாத விசிலும்: கூடைப்பந்து நடுவர் சீர்திருத்தம் பற்றி ஒரு திறனாய்வு

கூடைப்பந்து வேகமான ஆட்டம். பத்து வீரர்கள் ஒரு சிறிய களத்தில் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், ஒருவரோடொருவர் உரசுகிறார்கள். எந்த உரசல் ஆட்டத்தின் இயல்பு, எந்த உரசல் விதிமீறல் என்பதை நடுவர் ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். வழக்கமான லீக் ஆட்டத்தில் அந்த முடிவு தவறினால் அடுத்த வாரம் ஈடுசெய்ய இடம் உண்டு. நாக் அவுட் ஆட்டத்தில் அந்த இடம் இல்லை. தோற்ற அணி அன்றிரவே பெட்டியைக் கட்டுகிறது.

இந்த நெருக்கடியில் நடுவர்களின் முடிவுகளை மேம்படுத்த அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் கடந்த சில ஆண்டுகளில் பல ஏற்பாடுகளைச் செய்துள்ளது. காணொளி மறுபார்வை மையம், பயிற்றுநர் மறுப்புரிமை, கடைசி இரண்டு நிமிட அறிக்கை என்பவை அவற்றில் முக்கியமானவை. இவை எவ்வளவு பயன் தந்தன, எங்கே தவறின, இன்னும் என்ன தேவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரி அணிகளின் என்.சி.ஏ.ஏ. போட்டியிலிருந்தும், 1972 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்திலிருந்தும் சில எடுத்துக்காட்டுகள் இதில் வருகின்றன. ஆட்டங்களில் பணிபுரிந்த நடுவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. இங்கே ஆராயப்படுவது முறைதான், தனிமனிதர் அல்லர்.

நாக் அவுட் ஆட்டத்தில் பிழையின் எடை

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. என்.பி.ஏ. பிளேஆஃப் சுற்றில் இரு அணிகள் அதிகபட்சம் 7 ஆட்டங்கள் மோதும். முதலில் 4 ஆட்டங்களை வென்ற அணி முன்னேறும். எனவே ஒரே பிழை ஓர் அணியை உடனே வெளியேற்றுவது அரிது. ஆனால் தொடர் 6, 7 ஆட்டங்கள் வரை நீண்டால் அதுவும் நாக் அவுட் போலவே ஆகிவிடும். அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. போட்டி வேறு வகை. அதில் 68 அணிகள் கலந்துகொள்கின்றன. ஒரு தோல்வியோடு கதை முடிந்துவிடும்.

2002 மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் 6ஆவது ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. சாக்ரமெண்டோ கிங்ஸ் 3க்கு 2 என முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் வெளியேற வேண்டியதுதான். அந்த ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸ் அணிக்கு 27 ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள் கிடைத்தன. லேக்கர்ஸ் 106-102 என வென்றது. 7ஆவது ஆட்டத்தையும் கூடுதல் நேரத்தில் வென்று சாம்பியன் பட்டம் வரை சென்றது.

2007இல் என்.பி.ஏ. நடுவர் ஒருவர் சூதாட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். 2002 ஆட்டத்திலும் முறைகேடு நடந்ததாக அவர் தரப்பு 2008இல் கூறியது. லீக் அதை மறுத்தது. அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ரசிகர்களின் ஐயம் தீரவில்லை. நடுவர் தவறியிருந்தால் 'எப்படித் தவறினார்' என்று விளக்க அன்று எந்தப் பொது ஏற்பாடும் இல்லை. விளக்கம் இல்லாத இடத்தில் சதிக்கதை வளரும். பின்னால் வந்த வெளிப்படைத்தன்மைக்கான முயற்சிகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

மூன்று ஏற்பாடுகள்

முதலாவது, மறுபார்வை மையம். 2014-15 பருவத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தின் சிகாக்கஸ் நகரில் இது தொடங்கப்பட்டது. எல்லா அரங்குகளிலிருந்தும் காணொளி அங்கே வந்து சேர்கிறது. ஐயத்துக்குரிய தருணங்களை அங்குள்ளவர்கள் உடனே பல கோணங்களில் எடுத்துத் தருகிறார்கள்.

இரண்டாவது, கடைசி இரண்டு நிமிட அறிக்கை. 2015 மார்ச் முதல் இது வெளிவருகிறது. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் நடுவர்கள் எடுத்த முடிவுகளை லீக் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, சரி அல்லது தவறு என்று மறுநாள் வெளியிடுகிறது. ஊதப்பட்ட விசில் மட்டுமல்லாமல், ஊதியிருக்க வேண்டிய விசிலும் இதில் கணக்கில் வருகிறது.

மூன்றாவது, பயிற்றுநர் மறுப்புரிமை. 2019-20 பருவத்தில் சோதனையாகத் தொடங்கி அடுத்த பருவத்தில் நிலைபெற்றது. பயிற்றுநர் தம் இடைவேளை உரிமை ஒன்றைப் பணயம் வைத்து, ஒரு முடிவை மறுபார்வைக்கு அனுப்பலாம். 2023-24 முதல், முதல் மறுப்பில் வென்றவருக்கு இரண்டாவது வாய்ப்பும் உண்டு.

இம்மூன்றும் நேர்மையான நோக்கத்தோடு வந்தவை, பயனும் தந்தவை. ஆனால் மூன்றும் செய்வது ஒரே வகைப் பணி. முடிவு எடுக்கப்பட்ட பிறகு அதைத் திருத்துகின்றன அல்லது மதிப்பிடுகின்றன. முடிவு எடுக்கும் அந்த நொடியில் நடுவரின் கண்ணும் மனமும் எப்படி இயங்குகின்றன என்பதை இவை நேரடியாகத் தொடுவதில்லை.

அறிக்கையின் நிறையும் குறையும்

கடைசி இரண்டு நிமிட அறிக்கையை முதலில் பாராட்ட வேண்டும். தன் ஊழியர்களின் பிழைகளைத் தானே பொதுவில் பட்டியலிடும் நிறுவனங்கள் உலகில் மிகக் குறைவு. 2016 மே மாதம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியும் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியும் மோதிய இரண்டாம் சுற்றுத் தொடரின் 2ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தண்டர் 98-97 என வென்றது. கடைசி 13.5 நொடிகளில் மட்டும் 5 மீறல்களுக்கு விசில் ஊதப்படவில்லை என்று லீக்கின் அறிக்கை ஒப்புக்கொண்டது. அவற்றில் இரு அணிகளின் மீறல்களும் இருந்தன. பழைய காலமாக இருந்தால் இந்தச் செய்தி அலுவலகக் கோப்போடு அடங்கியிருக்கும்.

ஆனால் அறிக்கைக்கு மூன்று குறைகள் உண்டு.

ஒன்று, அது ஆட்டத்தைக் கூறுபோடுகிறது. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். கடைசி 2 நிமிடத்தை மட்டும் பொதுவில் ஆராய்ந்தால், முந்தைய 46 நிமிடத்தின் பிழைகள் சிறியவை என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் பதிகிறது. உண்மை அப்படியில்லை. முதல் கால்பகுதியில் முன்னணி வீரர் ஒருவர்மீது தவறாக இரண்டு ஃபவுல்கள் விழுந்தால், பயிற்றுநர் அவரை உட்கார வைத்துவிடுவார். 6 ஃபவுல்கள் சேர்ந்தால் வெளியேற வேண்டும் என்ற விதி அதற்குக் காரணம். கல்லூரி ஆட்டத்திலோ 5 ஃபவுல்களே எல்லை. அந்த வீரர் பெஞ்சில் கழித்த பத்து நிமிடத்தின் இழப்பு எந்த அறிக்கையிலும் வராது. லீக் தன் உள்வேலையாக எல்லா ஆட்டங்களையும் முழுமையாக மதிப்பிடுகிறது என்பது உண்மை. பொதுமக்கள் காண்பது அந்த மதிப்பீட்டின் வால்பகுதியை மட்டும்.

இரண்டு, அறிக்கை தீர்ப்பைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. 'உடல் தொடர்பு ஏற்பட்டது, ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும்' என்பதோடு நின்றுவிடும். நடுவர் நின்ற இடம் சரியா, அவர் பார்வையை வேறொரு வீரர் மறைத்தாரா, அந்தப் பகுதி வேறொரு நடுவரின் பொறுப்பா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்தி, மதிப்பெண்ணை மட்டும் போட்டு, எந்த வரியில் பிழை என்று குறிக்காமல் திருப்பித் தருவதற்கு இது ஒப்பானது. மாணவர் தோற்றதை அறிவார், எங்கே தோற்றார் என்பதை அறியமாட்டார். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையைப் பார்த்த யாரும் இதைக் கற்பித்தல் என்று ஏற்கமாட்டார்கள்.

மூன்று, அறிக்கையால் எதுவும் மாறுவதில்லை. முடிவு முடிவாகவே இருக்கும். நடுவர்களின் சங்கம் அறிக்கையை வெளிப்படையாக எதிர்த்தது. 2016 கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்குப் பிறகு, தம் அணிக்கு எதிரான பிழையையே அறிக்கை சுட்டிக்காட்டியபோதும், கெவின் டூரண்ட் அந்த முறையைக் கண்டித்தார். நடுவர்களைப் பொதுவில் நிறுத்திப் பழிவாங்குவது நியாயமில்லை என்பது அவர் கருத்து. பாதிக்கப்பட்டவரே அப்படிச் சொன்னதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனால் அறிக்கையை நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் 2002இன் இருட்டுக்குத் திரும்புவோம். குறுக்கிவிடாமல் விரிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. பிளேஆஃப் ஆட்டங்களுக்கேனும் முழு ஆட்ட மதிப்பீடு வெளிவர வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணமும் இருக்க வேண்டும்.

ஊதப்படாத விசில்

பெரிய ஆட்டங்களின் பெரும் சர்ச்சைகளில் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை ஊதிய விசிலால் வந்தவை அல்ல, ஊதாத விசிலால் வந்தவை.

மேலே சொன்ன 2016 ஆட்டத்தில், பக்கக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வேண்டிய தண்டர் வீரர், தம்மைத் தடுத்து நின்ற ஸ்பர்ஸ் வீரரை முழங்கையால் இடித்து இடம் பண்ணிக்கொண்டார். அருகிலேயே நடுவர் நின்றார். விசில் வரவில்லை. இதுபோன்ற ஒரு நிகழ்வைத் தாங்கள் இதற்கு முன் கண்டதே இல்லை என்று ஆட்டம் முடிந்தபின் தலைமை நடுவர் விளக்கினார். அந்த விளக்கம் நேர்மையானது. கூடவே, பயிற்சியில் எது விடுபட்டது என்பதையும் அது காட்டிவிட்டது.

2025 ஏப்ரலில் நியூயார்க் நிக்ஸ், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிகளின் முதல் சுற்றுத் தொடரில் 4ஆவது ஆட்டம் 94-93 என நிக்ஸ் பக்கம் முடிந்தது. கடைசி நொடியில் பிஸ்டன்ஸ் வீரர் மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிதலுக்கு முயன்றபோது, நிக்ஸ் வீரர் அவர்மீது மோதினார். விசில் இல்லை. ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்தபின் தலைமை நடுவரே சொன்னார். கொடுத்திருந்தால் மூன்று ஃப்ரீ த்ரோ. தொடர் 2-2 என்ற சமநிலைக்கு வந்திருக்கக்கூடும். வந்ததோ 3-1. நிக்ஸ் ஆறாவது ஆட்டத்தில் தொடரை முடித்தது.

ஏன் இப்படி நடக்கிறது? 'ஆட்டத்தின் முடிவை வீரர்கள்தான் தீர்மானிக்க வேண்டும், நடுவர் தீர்மானிக்கக் கூடாது' என்ற நம்பிக்கை அரங்கம் எங்கும் நிலவுகிறது. வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள், பழைய வீரர்கள் சொல்கிறார்கள், ரசிகர்களும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. விசில் ஊதாமல் இருப்பதும் ஒரு முடிவே. அது மீறியவருக்குச் சாதகம், மீறப்பட்டவருக்குப் பாதகம். இரண்டாம் நிமிடத்தில் ஃபவுலாக இருந்த அதே மோதல் நாற்பத்தெட்டாம் நிமிடத்தில் ஃபவுல் இல்லை என்றால், முரட்டுத்தனமாக ஆடுபவருக்குக் கடைசி நிமிடம் ஒரு சலுகைக் காலமாகிவிடும்.

இதன் மறுபக்கத்தை 2019 ஏப்ரல் 6 அன்று மினியாபொலிஸ் நகரில் நடந்த என்.சி.ஏ.ஏ. அரையிறுதி ஒரே ஆட்டத்துக்குள் காட்டியது. வர்ஜீனியாவும் ஆபர்னும் மோதின. ஆபர்ன் 62-60 என முன்னிலை. கடைசி நொடிகளில் வர்ஜீனியா வீரர் டை ஜெரோம் பந்தை இரு கையால் பிடித்துவிட்டு மீண்டும் தட்டத் தொடங்கினார். அது இரட்டை டிரிபிள், தெளிவான மீறல். விசில் வரவில்லை. விதிப்படி அதை மறுபார்வைக்கு அனுப்பவும் வழியில்லை. சற்று நேரத்தில் வர்ஜீனியாவின் கைல் கை மூன்று புள்ளி எறிதலுக்குக் குதித்தபோது ஆபர்ன் வீரர் அவர் உடலுக்குள் புகுந்தார். 0.6 நொடி மீதமிருக்க நடுவர் ஃபவுல் என்று விசில் ஊதினார். கைல் கை மூன்றையும் போட்டார். 63-62. வர்ஜீனியா இறுதி ஆட்டத்துக்குச் சென்று பட்டமும் வென்றது.

அந்த இரவில் அதிகம் திட்டப்பட்டவர் ஃபவுல் கொடுத்த நடுவர்தான். ஆனால் குதித்த வீரர் இறங்க இடம் தர வேண்டும் என்பதே விதி. அந்த விசில் சரியானது. பல்லாயிரம் பேர் நடுவில், 0.6 நொடி இருக்கும்போது, சரியானதை ஊதுவதற்குத் துணிவு வேண்டும். தவறு நடந்தது அதற்கு முன், எவரும் ஊதாத இடத்தில். ஊதிய சரியான விசிலுக்கு ஏச்சும், ஊதாத தவறான விசிலுக்கு மௌனமும் கிடைக்குமானால், அடுத்த நடுவர் எதைக் கற்றுக்கொள்வார்?

மறுபார்வைக்கு வாசல் எங்கே?

காணொளி இருக்கிறதே, எல்லாவற்றையும் பார்த்துத் திருத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். 2018 மே 31 அன்று ஓக்லண்டில் நடந்த இறுதித் தொடரின் முதல் ஆட்டம் இதற்கு நல்ல பாடம்.

கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் 104-102 என முன்னிலை. 36.4 நொடி மீதம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் டூரண்ட் கூடையை நோக்கிப் பாய, லெப்ரான் ஜேம்ஸ் குறுக்கே நின்று மோதலை வாங்கினார். நடுவர் அதை 'சார்ஜ்' என்றார், அதாவது பாய்ந்தவர்மீது தவறு. பிறகு நடுவர்கள் மறுபார்வைக்குச் சென்றார்கள். அப்போதைய விதிப்படி, தடுப்பவர் கூடைக்குக் கீழுள்ள அரைவட்டத்துக்குள் நின்றாரா என்ற ஐயம் இருந்தால்தான் அந்த வகை முடிவை மறுபடி பார்க்க முடியும். லெப்ரான் அரைவட்டத்துக்கு வெளியே இருந்தார். ஆனால் அந்த வாசல் வழியே உள்ளே போனபின், அவர் உரிய நிலையில் நின்றாரா என்பதையும் பார்க்க விதி இடம் கொடுத்தது. முடிவு 'பிளாக்' என்று தலைகீழானது, தவறு தடுத்தவர்மீது சென்றது. டூரண்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வாரியர்ஸ் 124-114 என வென்றது.

மாற்றிய முடிவு சரியா தவறா என்ற வாதத்தை விட்டுவிடுவோம். அரைவட்டம் பற்றிய ஐயம் எழுந்திருக்காவிட்டால், அதே மோதலுக்குப் பழைய தீர்ப்பே நின்றிருக்கும். ஒரு வழக்கு விசாரிக்கப்படுமா என்பது, அதற்குத் தொடர்பில்லாத இன்னொரு கேள்வியைப் பொறுத்திருந்தது. வாசல் தவறான இடத்தில் இருந்தால் வீட்டுக்குள் போவதே குழப்பமாகும்.

லீக் இக்குறையை மெல்லச் சரிசெய்துவருகிறது. பந்து யார் கையில் பட்டு வெளியே போனது என்று பார்க்கும்போது, அதற்குக் காரணமான ஃபவுல் கண்ணுக்குத் தெரிந்தாலும் முன்பு ஒன்றும் செய்ய முடியாது. 2024-25 பருவத்திலிருந்து பயிற்றுநர் மறுப்பில் அதையும் கணக்கில் எடுக்கலாம். இது நல்ல மாற்றம்.

எனினும் மறுபார்வைக்கும் எல்லை உண்டு. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் அணி, ஊதப்படாத ஒரு விசிலால் இறுதி வாய்ப்பை இழந்தது. அந்த வகை மீறலை மறுபார்வைக்குக் கொண்டுவந்து உடனே விதியைத் திருத்தினார்கள். ஒரே பருவம்தான். அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். பந்து கோட்டைத் தாண்டியதா என்பது அளக்கக்கூடிய கேள்வி. இந்த உரசல் மீறலா என்பது எடைபோட வேண்டிய கேள்வி. இரண்டாவதற்குக் கேமரா மட்டும் போதாது.

மெதுவாக ஓட்டிப் பார்ப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு செயலை மெதுவாகக் காட்டினால், அதைச் செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று பார்ப்பவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள் என்று 2016இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு கண்டறிந்தது. எனவே கடுமையான ஃபவுலா என்று தீர்மானிக்கும்போது, முதலில் இயல்பு வேகத்தில் பார்த்துவிட்டு, தொட்ட இடத்தை உறுதிசெய்ய மட்டும் மெதுவாகப் பார்ப்பதே முறையாகும்.

அதிகாரம் யாருக்கு? 1972இன் பாடம்

மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மோதின. 3 நொடி இருக்கும்போது அமெரிக்கா 50-49 என முன்னிலை பெற்றது. சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்தது. 1 நொடி இருக்கையில் குழப்பத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து, கடிகாரத்தை மீண்டும் 3 நொடிக்கு வைக்கச் சொன்னார். நடக்கும் ஆட்டத்தில் அப்படி ஆணையிட அவருக்கு அதிகாரம் இல்லை. இரண்டாம் முயற்சியில் கடிகாரம் சரியாக வைக்கப்படவில்லை. மூன்றாம் முயற்சியில் களத்தின் ஒரு முனையிலிருந்து வந்த நீண்ட எறிதலைப் பிடித்து அலெக்சாண்டர் பெலோவ் கூடையில் போட்டார். சோவியத் 51-50 என வென்றது. மேல்முறையீடு 3-2 என்ற வாக்கில் தள்ளுபடியானது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கங்களை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

தீர்ப்பின் தரத்தைவிட, தீர்ப்பளிக்க யாருக்கு உரிமை என்ற தெளிவு முந்தியது. அரை நூற்றாண்டு கடந்தும் இது பொருந்தும். களத்தின் தலைமை நடுவர், தூரத்து மறுபார்வை மையம், பயிற்றுநரின் மறுப்பு என்று கைகள் பெருகும்போது, கடைசிச் சொல் எவருடையது என்பது ஒவ்வொரு சூழலுக்கும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சத்தமும் சார்பும்

நடுவர் தெரிந்தே ஒருபக்கம் சாய்கிறார் என்பது பெரும்பாலும் உண்மையல்ல. தெரியாமல் சாய்வதுதான் கவலைக்குரியது. இங்கிலாந்தில் 2002இல் வெளியான ஒரு சோதனையில், தகுதிபெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஓர் ஆட்டத்தின் காணொளியைக் காட்டினார்கள். சிலருக்கு ரசிகர்களின் இரைச்சலோடு, சிலருக்கு ஒலியே இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிமீது 15.5 விழுக்காடு குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். பார்த்த காட்சி ஒன்றே, காதில் விழுந்தது மட்டும் வேறு.

என்.பி.ஏ. பற்றியே இன்னொரு ஆய்வு உண்டு. நடுவர் குழுவின் இனமும் வீரரின் இனமும் வேறாக இருக்கும்போது வீரர்மீது சற்றுக் கூடுதலாக ஃபவுல்கள் விழுகின்றன என்று ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற பொருளியலாளர்கள் கண்டார்கள். 2007இல் இது நாளிதழ்களில் பெரிய செய்தியானது. லீக் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனால் பின்னர் அதே ஆய்வாளர்கள் இன்னொருவருடன் சேர்ந்து செய்தி பரவிய பிறகான ஆட்டங்களை ஆராய்ந்தபோது, அந்தச் சாய்வு மறைந்துவிட்டிருந்தது.

நடுவர் சீர்திருத்தம் பற்றிய எழுத்துகளில் நான் கண்ட மிக நம்பிக்கையான செய்தி இதுதான். புதிய கருவி ஒன்றும் வரவில்லை, விதி மாறவில்லை. தம்மிடம் இப்படியொரு சாய்வு இருக்கக்கூடும் என்று தெரிந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. தெரியாத குறையைத் திருத்த முடியாது. தெரிந்த குறையைத் திருத்த மனிதரால் முடிகிறது.

என்ன செய்யலாம்?

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறை யோசனைகள் பிறக்கின்றன.

1. ஒரே அளவுகோல். நம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில், பணி தொடங்குமுன் விடைக்குறிப்பைக் கூடிப் பேசி, ஒரே விடைக்கு எல்லாரும் ஒரே மதிப்பெண் இடுவதை உறுதிசெய்வார்கள். பிளேஆஃப் சுற்றின் தொடக்கத்திலும் அப்படி ஓர் அமர்வு வேண்டும். ஒரே காணொளியை நடுவர்கள் தனித்தனியே பார்த்து முடிவெழுத வேண்டும். வேறுபட்ட இடங்களை மட்டும் விவாதிக்க வேண்டும்.

2. அரிய நிகழ்வுகளுக்குப் பயிற்சி. 'இதுவரை கண்டதில்லை' என்ற நிலை இறுதி நொடியில் வரக்கூடாது. பந்து எறிபவர் இடிப்பது, கடிகாரம் தவறுவது, பந்து குதிகாலில் பட்டுத் திரும்புவது போன்றவற்றைத் தொகுத்து, இரைச்சலை ஒலிக்கவிட்டு, ஒரு நொடிக்குள் முடிவு சொல்லும் பயிற்சியாக நடத்தலாம். சரியா தவறா என்பது அப்போதே தெரிய வேண்டும்.

3. நிற்கும் இடம். மூன்று நடுவர் முறையில் ஒருவர் கூடையருகே அடிக்கோட்டில், ஒருவர் பக்கவாட்டில், ஒருவர் பின்னால் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி உண்டு. இரு பகுதிகளின் எல்லையில் நடப்பதை 'அவர் பார்ப்பார்' என்று இருவரும் விட்டுவிடக்கூடும். எல்லைப் பகுதிகளுக்கு யார் பொறுப்பு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவைக்க வேண்டும்.

4. ஊதாததற்கும் கணக்கு. அடுத்த சுற்றுக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, தவறாக ஊதியதற்கு எவ்வளவு மதிப்பெண் குறைகிறதோ, ஊத வேண்டியதை விட்டதற்கும் அவ்வளவே குறைய வேண்டும். நெருக்கடியில் சரியாக ஊதியதைத் தனியே பாராட்ட வேண்டும்.

5. முழுநேரப் பணி. என்.பி.ஏ. நடுவர்கள் முழுநேர ஊழியர்கள். கல்லூரி நடுவர்களோ பெரும்பாலும் ஒப்பந்த முறையில், பல மாநாடுகளுக்கு ஊர்விட்டு ஊர் பறந்து பணிபுரிபவர்கள். வேறு தொழிலும் வைத்திருப்பார்கள். பெரும் வருவாய் ஈட்டும் ஒரு போட்டியின் தீர்ப்பாளர்களை இப்படி வைத்திருப்பது முறையல்ல. குறைந்தது மார்ச் மாதப் போட்டிக்கு முன் கட்டாய ஓய்வேனும் தர வேண்டும்.

நடுவரின் பாதுகாப்பும் நம் பொறுப்பும்

2017இல் கென்டக்கி பல்கலைக்கழக அணி, வட கரோலினாவிடம் 75-73 எனத் தோற்று என்.சி.ஏ.ஏ. போட்டியிலிருந்து வெளியேறியது. ஆத்திரமடைந்த ரசிகர்கள் அந்த ஆட்டத்தின் நடுவர்களில் ஒருவர் நடத்திவந்த கூரை வேயும் நிறுவனத்தைத் தேடிப்பிடித்து, இணையத்தில் அவதூறாக எழுதினார்கள். தொலைபேசியில் மிரட்டல்கள் வந்தன. அந்த மனிதரின் குடும்பமும் அவரிடம் வேலை செய்பவர்களும் என்ன குற்றம் செய்தார்கள்?

அச்சத்தோடு நிற்பவர் நன்றாகத் தீர்ப்பளிக்கமாட்டார். அச்சம் வந்தால் மனிதர் பாதுகாப்பான வழியைத் தேடுவார். நடுவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் வழி விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவதே. ஆகவே நடுவரைத் தூற்றும் ரசிகரும், தாம் வெறுக்கும் அந்த ஊதப்படாத விசிலை வளர்ப்பவரே.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் அடுத்த முறை ஒரு பெரிய ஆட்டத்தின் கடைசி நொடிச் சர்ச்சையைப் பார்க்கும்போது, மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நடுவர் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்குமா? இதே மோதல் முதல் கால்பகுதியில் நடந்திருந்தால் விசில் வந்திருக்குமா? எதிரணிக்கு இது நடந்திருந்தாலும் நான் இதையே சொல்வேனா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாக விடை சொல்வதுதான் கடினம். நடுவர் ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிக்குள்.